வெட்டிய காம்பு

தாயம்மாளுக்குச் சுத்தம் என்றால் உயிர். போன புரட்டாசியில் கே.ஜி.கண்டிகைக் கொல்லைகளில் மயில்கள் உதிர்த்த இறகுகளைப் பொறுக்கி, தூசி தட்டி, அடிக்காம்பைக் கத்தரியால் நறுக்கிக் காவடிக்கு விற்கக் கட்டுக்கட்டாக வைத்திருந்தாள். காவடி தூக்குகிறவர் தோளில் காம்பு குத்திவிடக் கூடாதே! ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் நான்கே நாள்.

அந்த இறகு சும்மா வந்துவிடவில்லை. அக்கா புருஷன் ராஜமாணிக்கத்தின் கடலைக்கொல்லையை மயில்கள் கிளறி நாசம் பண்ணும். மருந்து வைத்துவிடுவேன் என்று குதித்த மனிதரை, விழுகிற இறகில் பாதி உங்களுக்கு என்று சொல்லி அடக்கியவள் இவள்தான். மூன்று வருஷமாக அவர் மருந்து டப்பாவைத் தொடவில்லை.

அன்று காலை வனக்காவலர் சுதாகர் வந்தார். ஒரு கட்டைப் பிரித்து இறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடிக்காம்பு எங்கம்மா?"

"வெட்டிட்டேங்க. தோள்ல குத்தும் பாருங்க."

"தானா உதிர்ந்தா முனை வெள்ளையா மூடிகினு இருக்கும். அத எடுத்தா தப்பில்ல. புடுங்கினா ரத்தக்கறை இருக்கும். அத மறைக்கத்தான் திருட்டுப்பசங்க காம்ப வெட்டுவானுங்க. நீயும் வெட்டி வச்சிகினு இருக்க. நான் இன்னான்னு எழுதறது?"

தாயம்மாள் ஓடிப்போய்க் குப்பைக்குழியைக் கிளறி ஒரு பிடி காம்பை அள்ளி வந்தாள். எல்லாம் கறுத்துக் கிடந்தன. அவரும் பாவம், பொறுமையாகத்தான் பார்த்தார்.

"இதுல எது எதோடதும்மா?"

விசாரணைக்கு என்று கட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் ராஜமாணிக்கம் வந்தார். "என் பங்கும் போச்சா?"

"ஆங், பாவா."

"அப்ப மயிலு மட்டும் இன்னாத்துக்கு?" என்றவர் மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்தார். மருந்து டப்பா அங்கேதான் இருக்கிறது.

மயிலைக் காப்பாற்றத்தான் சட்டம். இவள் செய்ததும் அதைத்தானே? பிறகு தப்பு எங்கே நுழைந்தது? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அழுகைதான் வந்தது.

சாயங்காலம் கடலைக்கொல்லையில் நான்கு மயில்கள் மேய்ந்துகொண்டிருந்தன. வாழ்நாளில் முதல்முறையாகத் தாயம்மாள் மயில்மேல் கல்லெறிந்தாள்.

"போங்க! இங்க வராதீங்க, செத்துப்பூடுவீங்க!"

பதறிப் பறந்த ஒன்றிலிருந்து ஓர் இறகு வரப்பில் விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். அடிமுனை வெள்ளையாக மூடியிருந்தது. அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்று தெரியாமல், இன்னொரு கையில் கல்லோடு அங்கேயே நின்றாள்.