வெண்டலின் காலடி மேடு

பேஸ்பால் அணியிலிருந்து நீக்கப்பட்ட மறுநாள் காலை வெண்டல் கிராப்ட்ரி சமையலறையில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் காலடியில் பந்து வீசும் மேடு முளைத்தது. சரியாகப் பத்து அங்குலம், நடுவில் வெள்ளை ரப்பர் பலகை, எல்லாம் முறைப்படி. ஒன்பது வருடம் சின்ன லீக்குகளில் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியும் பெரிய லீக்கின் வாசற்படியை மிதிக்காத மனிதர். அதன்பின் அவர் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் போதும், மண் எழும்பியது. நிற்க நிற்க உயர்ந்தது. பெட்ரோல் பங்க்கில், தேவாலயத்தில், மாமனாரைப் புதைத்த இடத்தில்கூட. அங்கே எது யாருடைய மண் என்று சற்றுக் குழப்பமானது. மனைவி டார்லீன் மூன்று வருடம் வாரிக் கொட்டினாள். "நின்னா மண்ணு, நடந்தா எனக்குத் தலைவலி. எங்கயாவது வேலைக்குப் போய்த் தொலைங்க," என்றாள்.

கட்லர் ஃபால்ஸ் அணி அவரைப் பந்துவீச்சுப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. வீரர்கள் உட்காரும் கொட்டகையில், சூரியகாந்தி விதைத் தோலை நொறுக்கியபடி, ஆட்டம் முழுக்க நடந்துகொண்டே இருந்தார். அணியின் பந்துவீச்சாளர் லானி டீக் அவரைவிட மூன்று வயது மூத்தவர், முப்பத்தாறு. ஆகஸ்ட் மாத ஞாயிறு ஒன்றில் லானியின் ஆட்டத்தைப் பார்க்க, ஆள் தேர்ந்தெடுக்கும் ஒருவர் பெரிய லீக்கிலிருந்து வந்திருந்தார். அந்த வயதில் இனி யாரும் வரப்போவதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

ஏழு சுற்று முடிந்தும் ஒருவனாலும் லானியின் பந்தை அடிக்க முடியவில்லை. எட்டாவதில் குறி தவறி எறிந்து, இரண்டு பேருக்குத் தளத்தைச் சும்மா விட்டுக்கொடுத்தார். வெண்டல் மேட்டுக்குப் போனார். ஒரு சுற்றில் பயிற்சியாளர் ஒருமுறை போகலாம். இரண்டாம் முறை போனால் பந்துவீச்சாளர் வெளியேற வேண்டும். "மூச்சு விட்டு எறிங்க," என்று சொல்லித் திரும்பியவருக்குப் பாதி வழியில் கால் அரித்தது. திரும்பி ஓடி, பந்தை வாங்கி, அதில் விரலை எப்படி வைப்பது என்று பிடித்துக் காட்டினார். நடுவர் இரண்டு விரலை உயர்த்தினார்.

லானிக்கு முகம் வெளுத்தது. "உனக்கு எறியணும்னா வீட்ல போய் எறி தம்பி. என் கையிலேருந்து ஏன்யா புடுங்குற?"

பந்து கைக்கு இதமாக இருந்தது என்பதுதான் உண்மை. அதைச் சொல்ல வெண்டலுக்கு வெட்கமாக இருந்தது. வந்தவர் நோட்டை மூடிவைத்துப் போய்விட்டார்.

ஐந்து நாள் கழித்து லானி மறுபடி எறிந்தார். வெண்டல் கொட்டகைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதல்முறையாக, நின்றார். நான்காம் சுற்றில் தொப்பி கூரையில் இடித்தது. ஆறாவதில் தகரம் பிய்ந்தது. எட்டாவதில் மறுபடி இரண்டு பேர் தளத்தில். கூரைக்கு மேலே தெரிந்த தலையைப் பார்த்து லானி கத்தினார்: "என்ன, வர்றியா?"

"வரல. நீங்களே பாத்துக்கங்க!"

அடுத்த மூவரையும் லானி ஒன்பதே பந்தில் அனுப்பினார். அன்று அவரைப் பார்க்க யாரும் வந்திருக்கவில்லை. செப்டம்பரில் லானி ஆட்டத்தை விட்டு, கூரை வேலைக்குப் போனார். வெண்டல் பதினான்கு வருடமாக ஆட்டம்தோறும் அதே இடத்தில் நிற்கிறார். தகரத்தின் ஓட்டையை நிர்வாகம் அடைக்கவில்லை. மழை வந்தால் அவர் தலைக்கு ஒரு தார்ப்பாய் கட்டுகிறார்கள்.