உறைக்குள் இருந்த எண்

அவள் இரும்பு அலமாரியைத் தள்ளிக் கதவில் சாய்த்த அடுத்த விநாடி, வெளியிலிருந்து முதல் இடி விழுந்தது.

"பூட்டு! கதவைத் திற!" இயக்குநரின் குரல்.

ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர்தான் 'பூட்டு'. பிரபஞ்சம் கைக்குழந்தையாக இருந்தபோது கிளம்பிய கதிர்வீச்சின் மிச்சத்தை, அவர்களுடைய செயற்கைக்கோள் நான்கு வருடமாக அளந்துகொண்டிருந்தது. பிரபஞ்சம் பிறந்த கணத்து அதிர்வு அதில் விட்டுப்போன சுழல் வடிவத் தடம் இருக்கிறதா? அதுதான் கேள்வி. ஆசை கணக்கைக் கோணலாக்கிவிடக் கூடாதென்று, தரவில் ஒரு ரகசிய எண்ணைக் கலந்துவிடுவது அங்கே வழக்கம். அதைக் குலுக்கி எடுத்து, கலந்து, உறையில் போட்டு ஒட்டியவள் அவள். விண்வெளித் தூசியின் கலப்பை வடிகட்டும் முறை மாற்ற முடியாதபடி பதிவான பிறகே உறையைப் பிரித்து, எண்ணைக் கழித்து, உண்மை முடிவைப் பார்க்கலாம்.

பதிவாக இன்னும் பதினெட்டு நிமிடம் என்றது திரை.

"பன்னிரண்டு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வந்துடுவாங்கம்மா. உறையை மட்டும் கதவுக்கடியில தள்ளு."

"முதல்ல எண்ணைப் பாப்பீங்க. பிடிக்கலைன்னா வடிகட்டியைத் திருகுவீங்க. சுழல் வர்ற வரைக்கும் விட மாட்டீங்க."

"நீ என் பொண்ணு மாதிரி..."

"எந்த அப்பா சார் காலங்காத்தால பொண்ணோட கைப்பையைப் பிடுங்குவாரு?"

வெளியே யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இயக்குநரின் குரல் இறங்கியது. "நாளையிலேர்ந்து உனக்கு இங்க நாற்காலி கிடையாது."

வேறு வேலை எதுவும் அவளுக்குத் தெரியாது.

"தாராளமா எடுத்துக்கோங்க. மிச்சமிருக்கிற பதினாலு நிமிஷமும் நின்னுக்கிட்டே இருக்கேன்."

"அக்கா, உதைச்சுத் திறக்கச் சொல்றாரு," என்றான் தரவுப் பிரிவுக்காரன் பரிதாபமாக.

"உதைடா தம்பி. இந்தப் பக்கம் நான் இருக்கேன்."

அலமாரி ஒரு சாண் நகர்ந்தது. அவள் முதுகைக் கொடுத்துக் குதிகாலைத் தரையில் ஊன்றினாள். இன்னொரு உதை. இன்னொன்று. தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. அவள் அசையவில்லை.

திரை பச்சையானது. பதிவாகிவிட்டது. இனி இயக்குநரே தலைகீழாக நின்றாலும் ஒரு புள்ளியை அசைக்க முடியாது.

அலமாரியை இழுத்துவிட்டு, அவளே உறையை நீட்டினாள். அவர் வெடுக்கென்று பறித்தார்.

"இதுவரைக்கும் வந்த முடிவுல சுழலே காணோம்! ஏன்? நீ கலந்த எண் மறைச்சிருக்கு. கழிச்சதும் துள்ளிக்கிட்டு வரும் பாரு!"

கிழித்தார். படித்தார். தாளைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார்.

ஏழு மாதமாக அவள் யாரிடமும் மூச்சுவிடாத விஷயம் அதுதான். குலுக்கலில் அவள் கைக்கு வந்த எண், பூஜ்யம்.