பத்தாம் வீட்டுத் தூசி

நிஷாந்தினிக்கு வேண்டியிருந்தது இரண்டு தேக்கரண்டித் தூசி. கண்டியில் அது லேசில் கிடைக்காது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், கெம்பஸில் இந்த ஆய்வு வேலைக்கே அவள் விண்ணப்பித்திருக்க மாட்டாள்.

சோபாப் பஞ்சு சட்டென்று தீப்பிடிக்காமல் இருக்க அதில் ஓர் இரசாயனம் சேர்ப்பார்கள். பழைய வகை கெடுதல் என்று பல நாடுகள் நிறுத்திவிட்டன. அந்த இடத்துக்கு மாற்று இரசாயனங்கள் வந்தன. வந்தவையும் பஞ்சுக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் போய்க் குந்திக்கொள்கின்றன. எவ்வளவு என்று அளக்கப் பத்து வீட்டுத் தூசி வேண்டும். ஒன்பது சேர்ந்துவிட்டது. பொதி நாளை வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போகிறது. ஒன்று குறைந்தாலும் பொதி போகாது, அவளுடைய வேலையும் இந்த மாதத்தோடு சரி என்று ஆய்வை நடத்தும் மேடம் சொல்லிவிட்டார்.

பத்தாவது, கெம்பஸ் கந்தோரில் கிளார்க்காக இருக்கும் இராஜகுமாரியின் வீடு. முன்னறையை ஒரு வாரத்துக்குக் கூட்டக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. முதல் தடவை போனபோது தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போலிருந்தது. "ஆள் வர்ற வீட்ட கூட்டாம எப்புடிங்க தங்கச்சி?" என்றாள் இராஜகுமாரி. இரண்டாம் தடவை போனது வெள்ளிக்கிழமை. விளக்கேற்றுகிற வீட்டில் குப்பை கிடக்கலாமா? அன்றும் தரை பளிச்சென்றிருந்தது. போதாததற்குச் சாம்பிராணிப் புகை வேறு.

ஆகவே இன்று நிஷாந்தினி சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். த்ரீவீலரைச் சந்தியிலேயே நிறுத்திவிட்டு, தூசி உறிஞ்சும் மெஷினைத் தூக்கிக்கொண்டு, திருட வந்தவள் மாதிரி மேடேறிக் கதவைத் தட்டினாள்.

ஜன்னல் திரை அசைந்தது. "அட, தங்கச்சியா? இருங்க, ரெண்டே நிமிஷம்."

கதவு திறக்கவில்லை. உள்ளே சரக் சரக் என்று விளக்குமாறு ஓடியது. தன் வேலை மூலைமூலையாகக் கூட்டித் தள்ளப்படுவதைக் கேட்டுக்கொண்டு அவள் வாசலில் நின்றாள்.

"அக்கா, கூட்டாதீங்க."

"பேசாம இருங்க. இந்த அசிங்கத்தோட உங்கள உள்ள எடுக்க ஏலாது."

கதவு திறந்தபோது தரை பளபளத்தது. சோபாவில் மட்டும் இராஜகுமாரியின் கணவர் அழகர், இடுப்பில் சாரத்தோடு மல்லாந்து கிடந்தார். அவர் ஒரு கடையில் இரவு வாட்ச்சர்.

"அண்ணன எழுப்பலயா?"

"எழும்புவாரா இவரு? அக்குறணையில சோபா வாங்கி மூணு வருஷம். அன்னைக்குப் படுத்தவரு. ஒரு நாளாவது அத நகத்திக் கூட்ட விட்டிருக்காரா?"

மூன்று வருஷம். நிஷாந்தினி மண்டியிட்டு, சோபாவின் அடியில் தொங்கிய துணியை உயர்த்தினாள். சாம்பல் நிறத்தில், மெத்தென்று, ஹெயார் கிளிப்பும் பஸ் டிக்கெட்டும் புதைந்து கிடக்க, ஒரு சிறு பிரதேசமே அங்கே இருந்தது. அவள் படித்த எந்த அயல்நாட்டு நாவலிலும் இவ்வளவு அழகாகப் பனி பெய்ததில்லை.

இராஜகுமாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "அதப் பாக்காதீங்க. என்னாங்க, எழும்புங்க. இழுத்துப் போட்டுக் கூட்டணும்."

"அண்ணே, தயவுசெஞ்சு எழும்பிறாதீங்க," என்றாள் நிஷாந்தினி.

அழகர் ஒரு கண்ணைத் திறந்தார். "இந்த வீட்டுல ஒரு பொம்பள எனக்கு இப்புடிச் சொன்னதே இல்ல," என்று சொல்லி அதையும் மூடிக்கொண்டார்.

இராஜகுமாரி விளக்குமாற்றோடு குறுக்கே நின்றாள். "எங்க வீட்டுப் பேரோட இது வெளிநாடு போகவா?"

"பேர் எழுத மாட்டோம் அக்கா. நம்பர் மட்டுந்தான். பத்து."

"பத்துன்னா யாருன்னு தெரியாதா?"

"தெரியாது."

இராஜகுமாரி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப பக்கத்து வீட்டுப் பரிமளத்துக்கிட்டயும் எடுக்கணும். விடியக்காலயே கூட்டிட்டேன்னு தெனம் பீத்துறவ. எனக்கு மட்டும் எதுக்கு இந்தக் கேவலம்?"

நிஷாந்தினி தலையாட்டினாள். விளக்குமாறு விலகியது. மெஷின் உறுமியது. தூசி நிறைந்த சின்னப் பையை அவள் அலுமினியத் தாளில் சுற்றி, பத்து என்று எழுதினாள்.

"சோபாவுல போடுற இந்த மருந்து ஒடம்புக்குக் கூடாதா?" என்று கேட்டாள் இராஜகுமாரி.

"தூசியில எவ்வளவு இருக்குன்னே இனித்தான் பாக்கணும்."

"கூடாதுன்னா மொதல்ல இவருக்குத்தான் ஏதாச்சும் வந்திருக்கணும். சாப்பாட்டு நேரத்துக்குச் சரியா முழிக்கிறாரே."

"நெருப்புப் பிடிச்சாலும் அவசரப்பட்டு எழும்பத் தேவயில்ல," என்றார் அழகர், கண்ணைத் திறக்காமலே. "அதுக்குத்தான மருந்து."

பத்தாம் வீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிஷாந்தினி வெளியே வந்தாள். கொடுத்த வாக்குக்காகப் பக்கத்து வாசலை நோக்கித் திரும்பினாள். அங்கே ஜன்னல் திரை அசைந்தது. பிறகு, சரக் சரக்.