ஸ்டாப்பிங்கில் நின்ற ஒட்டகம்

அந்தத் தெருக்காரர்கள் ஒட்டகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், ஒட்டகத்துக்குச் சொந்தம் கொண்டாட அங்கே ஆளில்லை என்பதுதான். கோடை தொடங்கும்போது நகராட்சி ஊர்வலம் நடத்தும். ஒவ்வொரு தெருவும் ஒரு மிருகத்தைச் செய்து அதில் இறக்க வேண்டும். மற்ற தெருக்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. இந்தத் தெருவிலோ ஒன்பது தேசத்து ஆட்கள், ஒன்பது விதமான ரோஷம். சிங்கம் என்றதும், எங்கள் ஊர்ச் சிங்கம்தான் அசல் என்று நாலு வீட்டார் மல்லுக்கு நின்றார்கள். மயிலின் கழுத்து நிறத்தில் கூட்டமே கலைந்தது. கரடியைப் பற்றிப் பேசவே கூடாது என்று ஒருவர் அழுதேவிட்டார். கடைசியில் லாண்டரிக்கடை அக்கா மேசையைத் தட்டி, "நம்ம யாருக்குமே தெரியாத மிருகம் ஒண்ணு சொல்லுங்க, அதையே செஞ்சு தொலைக்கலாம்" என்றாள். அப்படித்தான் ஒட்டகம் வந்தது.

அட்டைக் கழுத்து காய்ந்து, கண்ணும் ஒட்டி முடித்த பிறகு மூன்றாம் மாடிக்கு ஒரு பல் டாக்டரம்மா குடிவந்தார். அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஒட்டகங்களுக்கு நடுவில். வந்த வேகத்தில், "இது ஒட்டகமா? வீங்கின கழுதை மாதிரி இருக்கு" என்றார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பல் டாக்டர் முன்னால் அதைக்கூட நிம்மதியாகச் செய்ய முடியவில்லை.

டாக்டரம்மா சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். ஒட்டகம் ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் சேர்த்துத்தான் எடுத்து வைக்குமாம். ஆகவே உள்ளே போகும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இடது, ஒரே நேரத்தில் வலது. முன்னங்கால் பஸ் டிரைவர். தெருவில் அவரை விட உயரமானவர் கிடையாது, அவரிடம் மாட்டேன் என்று சொல்லும் தைரியமும் யாருக்கும் கிடையாது. பின்னங்கால், கத்திரி என்று எல்லோரும் கூப்பிடும் சலூன்காரர்.

ஊர்வலத்தன்று காலை, ஷூ லேஸ் கட்டக் குனிந்த கத்திரிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தவர் குனிந்தபடியே வீட்டுக்குப் போனார். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட்டத்தைத் துழாவிய அவள் கண், விளக்குக் கம்பத்தடியில் இஸ்திரி போட்ட சட்டையோடு தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரன் மேல் வந்து நின்றது.

அந்தச் சாலையில் உள்ள கட்டடங்களின் லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்ப்பவன் அவன். காலையிலிருந்து அவன் முணுமுணுத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு வாக்கியம். "சார், உங்க பொண்ணை எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?" சார் என்பது பஸ் டிரைவர். பெண், அவருடைய ஒரே மகள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். முந்தின நாள் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். "அப்பாகிட்ட முகத்துக்கு நேரா கேளு. ஊர்வலம் முடியறதுக்குள்ள கேக்கலைன்னா, வேற ஊர் பிராஞ்சுக்குப் போறேன்னு கடையில சொல்லிடுவேன். உன் பயத்தைக் கட்டிக்கிட்டு நான் எத்தனை நாள் குடும்பம் நடத்துறது?"

பயம் என்று அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். போன மழைக்காலத்தில் டிரைவர் தன் வீட்டு லிஃப்டில் மாட்டிக்கொண்டார். லிஃப்ட்காரன் வந்து சேர ரொம்ப நேரம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவர் ஐந்து மாடியும் படியேறித்தான் போகிறார். எதிரே அவன் வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறார். "லேட்டா வர்றவனுக்கு என் வீட்ல பொண்ணு கிடையாது" என்று டிப்போவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். ஓடுகிற மனிதரிடம் முகத்துக்கு நேராக எப்படிக் கேட்பது?

"நீ பின்னங்கால்" என்றாள் அக்கா.

"அக்கா, நான் இன்னைக்கு அவர்கிட்ட பேசியே ஆகணும்க்கா."

"யாரு வேண்டாம்னா? முதல்ல முதுகோட பழகு, முகம் அப்புறம் வரும். ஆனா நடக்குறப்போ வாயைத் திறந்தே, அவர் ஒட்டகக் கழுத்தைக் கழட்டி வெச்சுட்டுப் போயிடுவாரு. கத்திரிக்குத் தொண்டை கட்டிப்போச்சுன்னு சொல்லிடறேன். ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு. போ உள்ள."

ஒட்டகத்தின் உடம்பு, யாரும் திரும்ப வாங்க வராத லாண்டரிப் போர்வைகளால் ஆனது. உள்ளே கும்மிருட்டு, பாச்சை உருண்டை வாடை. லிஃப்ட்காரன் குனிந்து நின்றான். முன்பக்கம் கனமான செருப்புச் சத்தத்தோடு டிரைவர் நுழைந்தார்.

"என்ன கத்திரி, தொண்டை போச்சாமே? நல்லதாப் போச்சு. முடி வெட்டுறப்போ நீ பேசுற பேச்சுக்கு இது எப்பவோ போயிருக்கணும்."

லிஃப்ட்காரன் அவர் முதுகில் ஒரு தட்டு தட்டினான். இரண்டு கைகளாலும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். முகத்துக்கு நேராகக் கேட்கச் சொன்னவள் இந்தக் கோலத்தைப் பார்த்திருந்தால் கல்யாணமே வேண்டாம் என்றிருப்பாள்.

"லெஃப்ட்... ரைட்..." என்று டிரைவர் சொல்லச் சொல்ல ஒட்டகம் கிளம்பியது. நடைபாதையில் கூடவே வந்த டாக்டரம்மாவே, "பரவாயில்ல, இப்போ கொஞ்சம் மிருகம் மாதிரி இருக்கு" என்றார். சாலை திரும்பும் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. திரும்பியதும் ஒட்டகம் ஓரமாக ஒதுங்கி, சட்டென்று நின்றது.

பின்னால் வந்த அடுத்த தெருவின் ஆமைக்கு, காய்கறி வண்டிமேல் கட்டிய ஆமை அது, பிரேக் கிடையாது. ஓடிவந்து ஒட்டகத்தை முட்டியது. ஆமை வேகமாக வந்து இடித்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இடி வாங்கிய லிஃப்ட்காரன் மட்டும் நம்பினான்.

"ஏன்ணே நின்னுட்டீங்க?" என்று அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஸ்டாப்பிங் வந்துச்சும்மா."

"என்ன ஸ்டாப்பிங்?"

"கேக்குற கேள்வியைப் பாரு. இறங்குறவங்க இறங்க வேண்டாமா?" என்றவர், கழுத்திலிருந்த ஓட்டை வழியாக வெளியே பார்த்து அசடு வழிந்தார். ஊர்வலம் போகும் சாலை அவருடைய பஸ் ரூட். இத்தனை வருஷமாக, தலை நரைக்க நரைக்க ஓட்டிய ரூட். ஒட்டகமாக இருந்தால் என்ன, ஸ்டாப்பிங் வந்தால் கால் தானாக நிற்கிறது.

அடுத்த ஸ்டாப்பிங்கில் நிற்கவே கூடாது என்று அவர் சத்தியம் செய்தார். நின்றார். அங்கே பஸ்ஸை வேறு வழியில் திருப்பிவிட்டது தெரியாமல் ஒரு கூட்டமே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு கைகளிலும் பையோடு ஒரு அம்மா ஒட்டகத்தின் அருகில் வந்து, "மார்க்கெட் போகுமா?" என்று கேட்டாள்.

"போகும்மா. பின்னாடி நகர்ந்து நில்லுங்க" என்றது ஒட்டகம், பழக்க தோஷத்தில்.

அந்த அம்மா நகர்ந்து போய் வாலைப் பிடித்துக்கொண்டாள். அவளைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர், அவரைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம். அதற்கடுத்த ஸ்டாப்பிங்கில் அக்கா தலையில் அடித்துக்கொள்வதைக்கூட நிறுத்திவிட்டாள். ஆமைக்கும் ஒட்டகத்துக்கும் நடுவே ஒரு பஸ் கொள்ளும் கூட்டம் வரிசையாக நடந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் இதுதான் அந்தத் தெருவின் நிகழ்ச்சி போலும் என்று கைதட்டினார்கள். டிரைவருக்குக் குஷி பிறந்துவிட்டது. குஷி பிறந்தால் அவருக்கு வாய் திறந்துகொள்ளும்.

"கத்திரி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ பேச முடியாம இருக்குறப்பதான் கேக்க முடியும். என் பொண்ணு ஒருத்தனை விரும்புறா. அந்த லிஃப்ட்காரன்தான். அவன் எப்படி? நல்லவன்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு."

லிஃப்ட்காரன் கணக்குப் போட்டான். ஒன்று தட்டினால் தற்பெருமை, இரண்டு தட்டினால் தற்கொலை. ஒன்று தட்டினான். உடனே கூச்சம் பிடுங்கித் தின்றது. அடக்கமாக இன்னொன்று தட்டக் கையை ஓங்கியவன், ஐயோ என்று பாதியில் இழுத்துக்கொண்டான். விரல் நுனி மட்டும் பட்டது.

"அது என்னய்யா ஒண்ணரை?" என்றார் டிரைவர். "சரி விடு. அவன் நல்லவன்தான்னு எனக்கும் தெரியும். லேட்டா வந்தான்னு ஊரெல்லாம் சொல்றேனே, அது சும்மா. மழைக்கு எவன்தான் நேரத்துக்கு வருவான்? நானே அன்னைக்கு வண்டியை லேட்டாத்தான் விட்டேன்."

அவர் குரல் இறங்கியது. நடையும் தளர்ந்தது.

"அந்த இருட்டுல தனியா நின்னேன் பாரு. கத்தினேன், ஒரு பதிலும் இல்ல. அவ கல்யாணம் ஆகிப் போயிட்டா நம்ம வீடும் இப்படித்தான் இருக்கும்னு ஒரு நினைப்பு வந்துடுச்சு. அழுதுட்டேன் கத்திரி. சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கெல்லாம் ஒழுக. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்தான். என்னைப் பார்த்தான். ஒரு பஸ் ஜனத்தை அதட்டுற மனுஷன் நான். அவனை எப்படி எதிர்ல உக்கார வெச்சுப் பேசுவேன்? இந்நேரம் அவகிட்டயும் சொல்லிச் சிரிச்சிருப்பான்."

"சொல்லலை சார்" என்றது பின்னங்கால்.

ஒட்டகம் நின்றது. இந்த முறை அங்கே ஸ்டாப்பிங் எதுவும் இல்லை.

டிரைவர் உள்ளேயே திரும்பினார். இரண்டு பேர் வரிசையாக நடக்கச் செய்த ஒட்டகம் அது, ஓர் ஆள் திரும்பும் அளவுக்கு அதில் இடமில்லை. வெளியே கழுத்து முறுக்கிக்கொண்டு வயிற்றுக்குள் போனது. திமில் இரண்டாகி, மூன்றாகி, மறுபடி ஒன்றானது. டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "ஒட்டகம் குட்டி போடப் போகுது!" என்று யாரோ கத்த, வாலைப் பிடித்திருந்த அம்மா பைகளைக் கீழே வைத்துவிட்டுத் தயாராக நின்றாள்.

உள்ளே இருவரும் மூக்கும் மூக்கும் இடிக்க நின்றார்கள்.

"நீயா? எப்போல இருந்து?"

"ஆரம்பத்துல இருந்தே சார்."

"அந்த ஒண்ணரைத் தட்டு?"

"நான்தான் சார்."

"வெக்கமா இல்ல?"

"இருந்துச்சு சார். அதனாலதான் அந்த அரை." என்றான் லிஃப்ட்காரன். "எங்க வேலையில ஒரு முறை இருக்கு சார். மாட்டிக்கிட்டவங்களுக்குக் கதவைத் திறக்கும்போது முதல்ல தரையைப் பார்க்கணும். அவங்க முகத்தைத் துடைச்சுக்க நேரம் குடுக்கணும். அன்னைக்கு லேட்டாயிடுச்சேங்கிற பதட்டத்துல நிமிர்ந்துட்டேன். அது என் தப்பு. ஆனா அதை யார்கிட்டயும் சொல்லலை. அவகிட்டகூட."

"அவகிட்டகூடவா?"

"அது உங்களோடது சார். நான் எப்படிச் சொல்றது?"

வெளியே அக்கா ஒட்டகத்தின் விலாவில் குத்திக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரன் காலையிலிருந்து பாடம் பண்ணிய வாக்கியத்தைத் தேடினான். காணோம். கையில் கிடைத்ததைச் சொன்னான்.

"கல்யாணம் ஆனா அவ எங்கயும் போகல சார். ஆகலைன்னாதான் போறா. நான் வேலை பார்க்குற கட்டடமெல்லாம் இந்த ரோட்டுலதான். பக்கத்துலயே வீடு பார்த்துக்கறோம். நீங்க எப்போ வேணா வரலாம், நாங்களும் வருவோம். கட்டிக் குடுங்க சார்."

"இதைக் கேக்க உனக்கு இவ்வளவு நாளா?"

"என்னைப் பார்த்தா நீங்க ரோட்டைக் கடந்து போயிடுவீங்களே சார்."

"இப்போ எங்க போறது, ஒட்டகத்துக்குள்ள" என்றார் டிரைவர். சிரிக்கத்தான் தொடங்கினார், சிரிப்பு பாதியில் உடைந்தது. "கட்டிக்கோடா. நல்லா வெச்சுக்கோ."

அப்போது அக்கா பொறுமையிழந்து போர்வையைத் தூக்கிவிட்டாள். வெயில் பளீரென்று அடித்தது. ஆமை, அந்தத் தெருவின் ஒன்பது தேசத்து ஜனம், மார்க்கெட் போக வேண்டிய கூட்டம் எல்லாம் எட்டிப் பார்க்க, கன்னத்தில் கண்ணீர் வழிய நின்றார் டிரைவர். எல்லோரையும் விலக்கிக்கொண்டு மகள் ஓடிவந்தாள்.

"அப்பா! ஏம்பா அழறீங்க? இவன் என்ன சொன்னான்?"

டிரைவர் முகத்தைத் துடைக்கவில்லை, மறைக்கவும் இல்லை. "அவனையே கேளு. இந்தத் தடவை சொல்லலாம்."

லிஃப்ட்காரன் அவளைப் பார்த்தான். சொல்ல வாயைத் திறந்தான். வார்த்தைக்கு முன்னால் அழுகை முந்திக்கொண்டது. சாதாரண அழுகையா அது? மூக்கெல்லாம் ஒழுகியது.

டிரைவர் சட்டென்று அக்காவின் கையிலிருந்த போர்வையைப் பிடுங்கி, தங்கள் இருவர் தலைமேலும் இழுத்து மூடினார்.

"அண்ணே, ஊர்வலம்!" என்று அலறினாள் அக்கா.

"ரெண்டு நிமிஷம் நிக்கட்டும்மா" என்றது உள்ளிருந்து குரல். "பையன் முகத்தைத் துடைச்சுக்கட்டும்."