எந்தப் பக்கம் உட்காருவது?

“கொஞ்ச நாளைக்கு நாம ஹால்ல படுத்துக்கலாம். நம்ம ரூமை வெளியூர்க்காரங்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம்.”

“கொஞ்ச நாள்னா எத்தனை நாளுங்க?”

“வக்கீல் மாதிரி குடையாதடி!”

மூன்று வருடத்துக்கு முன் கணவனோடு பேசியது, நகராட்சிக் கூட்ட அரங்கின் வாசலில் தையல்காரிக்கு நினைவு வந்தது. வீடுகளை நாள் வாடகைக்கு விடுவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாமா என்று ஊரைக் கேட்கிறார்கள். சட்டம் வேண்டும் என்பவர்கள் வலப்பக்கம், வேண்டாம் என்பவர்கள் இடப்பக்கம் உட்கார வேண்டும். இடப்பக்கத்தில் கணவன் கைக்குட்டை போட்டு இடம் பிடித்திருந்தான். வலப்பக்கத்திலிருந்து எதிர்வீட்டு அக்கா கத்தினாள்: “இங்க வாடி! உன் விருந்தாளிங்க வீடு தெரியாம என் காலிங்பெல்லை அடிச்சே தேய்ச்சுட்டாங்க!”

அக்கா சொல்வதும் நியாயம்தான். அந்த வாடகையில்தான் மகள் கல்லூரிக்குப் போகிறாள், அதுவும் நியாயம்தான். ஆனால் விளக்கைப் போட்டுக்கொண்டு மகள் படிக்கும் அந்த ஹாலில், கணவனிடம் தனியாக ஒரு வார்த்தை பேசி எத்தனை காலமாயிற்று! சட்டம் வந்தால் அழுவதா சிரிப்பதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. நடுவழியில் மரம் மாதிரி நின்றாள்.

“நீங்க எந்தப் பக்கம்மா?” என்றார் அதிகாரி.

அவள் கணவனைப் பார்த்தாள்.

“என்னங்க, சட்டம் வருதோ இல்லையோ, நம்ம ரூமை நமக்கே திருப்பிக் குடுங்க.”