நாற்பது கதவுகள்

பத்தரை மணிக்குள் ராக்கை நிரம்பிவிட வேண்டும். சுவேதினி மூச்சு வாங்க வாங்கத் தகடுகளை எடுத்து மெசினுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். நானாட்டான் போகிற வழியில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் இரும்பு அலுமாரிகள் செய்தார்கள். அவள் வைக்கும் தகட்டை மெசின் மடித்துக் கதவாக்கி ராக்கையில் செருகும். மறுபக்கம் நிற்கும் இயந்திரக் கை அரை நிமிடத்துக்கு ஒன்றாக அவற்றை எடுத்து வெல்டிங்குக்குக் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் கதவுகள் சற்றுத் தங்கிப் போகிற இடம்தான் ராக்கை. வழமையாகப் பத்துப் பதினைந்து நிற்கும். நாற்பது நின்றால், அவள் இல்லாமலே இருபது நிமிடம் லைன் ஓடும்.

லீவு கேட்டிருக்கலாம். காரணம் எழுதவேண்டும். அதற்குத்தான் அவளுக்குக் கை வரவில்லை.

மேற்பார்வையாளர் நவரத்தினம் வந்து ராக்கையைப் பார்த்தார். அடம்பனில் மாடு வளர்ப்பவர். எதைப் பார்த்தாலும் அவருக்கு மாடுதான் நினைவுக்கு வரும்.

"என்ன பிள்ளை, கதவெல்லாம் பட்டியில அடைச்ச மாடு மாதிரி நெருக்கிக்கொண்டு நிக்குது?"

"ஒரு போன் கதைக்கோணும் சேர்."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். "போய்க் கதை. ராக்கை குறைஞ்சு மஞ்சள் லைட் பத்தினா ஓடி வந்திடு. லைன் நிண்டா என்னைத்தான் தின்னுவாங்கள்."

ஏழு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவளுடைய கணவன் றொசாந்தன் கடலுக்குப் போனான். படகு கவிழ்ந்தது. கூடப் போன இருவர் வெள்ளிக்கிழமை கரை சேர்ந்தார்கள். மூவரும் ஒரே எண்ணெய்க் கானைப் பிடித்துக்கொண்டு மிதந்ததாகவும், விடிந்து பார்த்தபோது அவன் இல்லை என்றும் சொன்னார்கள். எந்த விடியல் என்று கேட்டால் ஒருவன் புதன் என்றான், மற்றவன் வியாழன் என்றான். உடல் கிடைக்கவில்லை. இப்போது அவனுடைய தாய், மாமி றஞ்சிதம், சேமக்காலையில் உடலில்லாத கல்லறைக்கு மேசனை வைத்துச் சீமெந்துக் குருசு வார்க்கிறாள். ஈரம் காய முன்னர் அதில் இறந்த திகதியை எழுத வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவள் சுவேதினி.

பின்கதவுக்கு வெளியே நின்று வீடியோ அழைப்பை எடுத்தாள். சேமக்காலையில் நின்ற றொசாந்தனின் தங்கை டினோஜா போனைத் தாழ்த்திப் பிடித்தாள். மணலில் குருசு கிடந்தது. பெயர், பிறந்த திகதி, அதற்குக் கீழே வெறும் ஈரம்.

"தங்கச்சி, வெயில் ஏறுது," என்றான் மேசன் போனைப் பார்த்து. "இறுகிச்செண்டா எழுத ஆணி இறங்காது. கெதியாச் சொல்லுங்கோ."

"மாமி, பிறந்த திகதியோட விடுங்கோ."

"விட்டா?" றஞ்சிதத்தின் குரல் மட்டும் கேட்டது. "ஆத்துமாக்கள் திருநாளுக்கு ஊரே மெழுகுதிரி கொளுத்தேக்க நான் எங்க பிள்ளை போய் நிக்கிறது?"

"குருசு இருக்கட்டும் மாமி. அங்கயே நில்லுங்கோ. திகதிய மட்டும் என்னட்டக் கேக்காதேங்கோ."

"நீ பெண்சாதி. நீ சொல்லாம ஆர் சொல்லுறது?"

சுவேதினி சுவரோடு நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். "புதன் எண்டு எழுதிறம் எண்டு வையுங்கோ. அவர் வியாழன் வரைக்கும் உயிரோட மிதந்திருந்தா? அந்த ஒருநாளை நாங்களே அவரிட்ட இருந்து பறிக்கிறதே மாமி?"

போனுக்குள் காற்று இரைந்தது.

உள்ளே மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. ராக்கையில் இன்னும் பத்துக் கதவுதான். அவளுடைய கால்கள் தாமாகவே வாசல் பக்கம் திரும்பின.

"பிள்ளை!" நவரத்தினம் கத்தினார். "லைட்!"

அவள் போனை வைக்கவில்லை.

"அக்கா, நான் என்ன செய்ய?" மேசன் றஞ்சிதத்தின் பக்கம் ஆணியை நீட்டினான். திரைக்குள் றஞ்சிதம் வந்தாள். மணலில் குந்தினாள். ஆணியை வாங்கவில்லை. வெறுமையாய் இருந்த இடத்தில் வலது உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"கை பதியுது அக்கா, எடுங்கோ."

அவள் எடுக்கவில்லை. டினோஜா போனைக் கிட்டக் கொண்டுபோனாள். விரல்களுக்கு இடையில் சாம்பல் நிறத் தண்ணீர் மெல்ல ஊறி மேலே வந்தது.