கையெழுத்தில்லாத டிக்கெட்

ரோஸ்மேரிக்குக் கோபம் வந்தால் அந்த நல்லூர் பனியன் கம்பெனியில் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. அந்தத் திங்கட்கிழமை வந்தது சாதாரணக் கோபம் இல்லை. சரக்கு வாங்குகிற பையர் அனுப்பிய ஆள் குழந்தைகள் பனியனில் முப்பது பீஸைத் தள்ளிவிட்டான். எல்லாவற்றிலும் கழுத்துப் பட்டியில் தையல் விட்டிருந்தது. முப்பதும் செக்கிங் மேஜையில் ரோஸ்மேரி பார்த்து பாஸ் செய்தவை.

"ஏனுங்கக்கா, உங்க கையத் தாண்டி எப்படிங்க போச்சு?" என்று மேனேஜர் தனபால் தணிந்துதான் கேட்டார்.

"என்ட்டயா கேக்கிய? பதினோரு வருசத்துல நான் பாத்த பீஸ் ஒண்ணு திரும்பி வந்திருக்கா சார்? தைக்காமலே தச்சதுன்னு அனுப்புதவள கேளுங்க."

தப்பான பீஸில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஆல்டரேஷனுக்கு அனுப்புவது அங்கே வழக்கம். டெய்லர் சரிசெய்து, கட்டோடு வரும் பண்டில் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டு வலதுபக்க அடுக்கில் வைப்பாள். இடதுபக்கம் இருப்பது இன்னும் தைக்காதது. தைத்து வந்ததை மறுபடி பார்த்து, ஸ்டிக்கரை உரித்து பாஸ் செய்வது ரோஸ்மேரியின் வேலை. ஆல்டரேஷன் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் பொங்கலூர் மதுமதி. வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது.

"அந்த பண்டில நான் தொடவே இல்லீங்கக்கா. சனிக்கெழம எடதுபக்கத்துல அப்படியேதான் கெடந்துச்சுங்க," என்றாள் மதுமதி.

"பொய் சொல்லுத வாய் கூசலியாட்டி ஒனக்கு?"

நாற்பது பேர் முன்னால் கேட்டாள். ரோஸ்மேரி அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாற்பது பேரும் நம்பினார்கள். பையருக்குச் சொல்லத் தனபாலுக்குப் பழிபோட ஒரு ஆள் வேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மதுமதி வேலை போய், டிபன் பையோடு கேட்டைத் தாண்டி அழுதுகொண்டே போனாள். ரோஸ்மேரிக்குத் துளி இரக்கம் வரவில்லை. ஆண்டவர் நியாயம் செய்துவிட்டார் என்று நிம்மதியாகச் சோறு தின்றாள்.

அன்று பொழுது சாய வீட்டுக்கு வந்து, துவைப்பதற்காகக் கம்பெனிக் கோட்டை வாளியில் போட எடுத்தாள். பையில் ஏதோ தட்டுப்பட்டது. அந்த பண்டிலின் டிக்கெட். டெய்லர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

சனிக்கிழமை ஞாபகம் வந்தது. ஆறு மணிக்குச் சபையில் உபவாச ஜெபம்; முதல் பாட்டு அவள்தான் எடுக்க வேண்டும். அவசரத்தில் இடதுபக்க அடுக்கிலிருந்து பண்டிலை இழுத்து, ஒரு பீஸைக்கூடப் பிரித்துப் பார்க்காமல், கழுத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களைப் பரபரவென்று உரித்தெறிந்தவள் அவளேதான். டிக்கெட்டைப் பெட்டியில் போடவும் நேரமில்லாமல் பையில் செருகிக்கொண்டு ஓடினாள்.

கோபம் முதலில் கடவுள் மேல்தான் வந்தது. உம்முடைய வேலைக்குத்தானே ஓடினேன், அதற்கு இதுவா கூலி என்று வாளிக்கு முன்னால் நின்று பல்லைக் கடித்தாள்.

கட்டிலில் கிடந்த புருஷன் ஜெயபாண்டி எட்டிப் பார்த்தான். கம்பெனியில் நடந்ததை வந்ததுமே அவள் சொல்லியிருந்தாள்; டிக்கெட்டையும் அவள் முகத்தையும் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"கிழிச்சிப் போட்டுரு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றான். பாசத்தில்தான் சொன்னான்.

அவளுக்கு அவனை அறையலாம் போல இருந்தது. அவளும் அந்த நிமிடம் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தி அழுகிற இவனும் தானும் ஒரே ஆளா?

போன மாதம் பாஸ்டர் பேசியது அப்போதே அவளுக்குப் பிடிக்கவில்லை. நாம் நல்லவர்களாக இருந்து சம்பாதித்த நீதி ஒன்றுமில்லை, கிறிஸ்துவுக்குள் தேவன் தம்முடைய நீதியையே இனாமாகத் தருகிறார் என்று அவர் சொன்னபோது, அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு கொதித்தாள். பதினோரு வருடம் பொய் சொல்லாமல் திருடாமல் மாடாக உழைத்தவளுக்கும் அந்தக் கடைசி பெஞ்சுக்கும் ஒரே நீதியா, இது என்ன நியாயம் என்று பிரசங்கத்தின் நடுவிலேயே மனதுக்குள் சண்டை பிடித்தாள்.

இப்போது அந்தப் பேச்சு வேறு மாதிரி கேட்டது. ரோஸ்மேரி என்றால் தப்பே செய்யாதவள் என்பது பொய்யாகிவிட்டது. அந்தப் பெயரைக் காப்பாற்றவே ஒரு பெண்ணின் வாயை அடைத்துத் துரத்தியிருக்கிறாள். அந்தப் பெயர் போனபிறகு மிச்சம் இருப்பது ஆண்டவர் இனாமாகக் கொடுத்தது மட்டும்தான். அதைத் தனபாலாலும் பறிக்க முடியாது, பையராலும் தள்ள முடியாது. காப்பாற்றிக்கொள்ள இனி ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பயம் விட்டுப்போனது. "நானும் கடைசி பெஞ்சுதான் ஆண்டவரே" என்று சொல்லி, துவைக்காத கோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலையில் டிக்கெட்டைத் தனபால் மேஜையில் வைத்தாள்.

"பாக்காம உரிச்சது நாந்தான் சார். அந்தப் பிள்ள மேல தப்பில்ல."

தனபால் கதவைச் சாத்தினார். "விடுங்கக்கா. பையருக்கு ரிப்போர்ட் போயிருச்சுங்க. நீங்க வேணும் எனக்கு. அந்தப் புள்ள வேற கம்பெனி பாத்துக்கும்."

ரோஸ்மேரிக்குக் கோபம் வந்தது. நேற்றைய கோபம் தன் மானத்துக்காக வந்தது. இது மதுமதிக்காக வந்தது. "ரிப்போர்ட்ட மாத்துங்க. நீங்க மாத்தாட்டி பையர் ஆள்ட்ட நானே சொல்லுவேன்," என்று கதவைத் திறந்து வெளியே வந்து, மெஷின்கள் ஓடத் தொடங்குமுன் அந்த நாற்பது பேர் முன்னாலும் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

செக்கிங் மேஜை போனது. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று நூல் வெட்டி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போட்டார்கள். புதன்கிழமை மதுமதியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவள் மெஷினுக்கே ரோஸ்மேரி கைமடி.

"என்ன மன்னிச்சிரு தாயி," என்றாள் ரோஸ்மேரி.

மதுமதி ஊசியில் நூல் கோத்தாள். "உங்க சாமி மன்னிக்குமுங்க. என்னால இன்னிக்கு முடியாதுங்கக்கா."

"சரிம்மா."

மத்தியானம் மதுமதி பத்துப் பீஸை அவள் முன்னால் தள்ளினாள். "நூல் சரியா வெட்டலீங்க."

சுற்றி இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ரோஸ்மேரி ஒரு பீஸைப் புரட்டிப் பார்த்தாள். கழுத்தோரம் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா, வெட்டல. என் தப்புதான்," என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்தாள்.